சுமை எங்கே உட்காருகிறது?

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் முதுகில் ஒரு கிலோவைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு ஆயிரம் மீட்டர் உயரம் மலை ஏறுகிறார். அந்த ஒரு கிலோவைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்க ஆகும் வேலை ஏறத்தாழ 9.8 கிலோஜூல். தசைகள் தாம் எரிக்கும் ஆற்றலில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும். மீதி வெப்பமாகப் போய்விடும். அதையும் சேர்த்தால் உடலுக்கு ஆகும் செலவு சுமார் 39 கிலோஜூல், அதாவது 9 கிலோகலோரி சொச்சம். ஒரு சின்ன இட்லியில் கால்வாசி.

சமதரையிலும் ஏறத்தாழ இதே கதைதான். உடலும் சுமையும் சேர்ந்த மொத்த எடை கூடும் அளவுக்கு நடைக்கு ஆகும் ஆற்றலும் கூடுகிறது. எழுபது கிலோவில் ஒரு கிலோ என்றால் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அப்படியிருக்க, ஒரு கிலோ குறைந்த பையை மாட்டிக்கொண்டு நடந்தவர் மாலையில் முகாமுக்கு வரும்போது வேறொரு ஆளாக இருக்கிறாரே, அது எப்படி? மலைநடையில் உடலை வதைப்பது கலோரிச் செலவு மட்டுமல்ல. சுமை தோளை அழுத்துகிறது, முதுகைப் பின்னுக்கு இழுக்கிறது, இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் வந்து இடிக்கிறது. எடை இதில் பாதிக் காரணம்தான். சுமை உடம்பில் எங்கே உட்காருகிறது, எவ்வளவு பரப்பில் பரவுகிறது, முதுகெலும்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதெல்லாம் மீதிக் காரணம். இலேசான பை தேடிப் போகிறவர்கள் தராசை மட்டும் நம்பி ஏமாறுவது இங்கேதான்.

முதலில் அடிபடுவது தோள். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை ஒன்று காறையெலும்புக்கு அடியில் புகுந்து அக்குள் வழியாக இறங்குகிறது. குறுகலான பட்டை அந்த இடத்தில் மணிக்கணக்கில் அழுத்தினால் விரல்கள் மரத்துப்போகும். பெருஞ்சுமையோடு நாள்கணக்கில் நடந்த படைவீரர்கள் சிலருக்குக் கையைத் தூக்கவே முடியாமல் போயிருக்கிறது. மருத்துவர்கள் அதற்கு ‘ரக்சாக் பால்சி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தோள், நடையின்போது கையை வீசுவதற்காக அமைந்த மூட்டு. இடுப்போ உடலின் மேற்பாதி முழுவதையும் நாள் முழுக்கத் தாங்கும் எலும்புக் கூடு. சுமையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கியதுதான் முதுகுப்பையின் வரலாற்றிலேயே பெரிய திருப்பம்.

அந்தத் திருப்பத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் டிக் கெல்டி. 1952-இல் கலிஃபோர்னியாவின் கிளெண்டேல் நகரில், அலுமினியக் குழாயை வளைத்துச் சட்டமாக்கிப் பைகள் செய்து விற்கத் தொடங்கினார். மனைவி நெனா துணியைத் தைத்தார். முதல் ஆண்டில் விற்றவை 29 பைகள். மலைநடை ஒன்றில் சட்டத்தின் கீழ்முனைகளைக் கால்சட்டையின் பின்பக்கப் பாக்கெட்டுகளில் செருகிப் பார்த்ததாகவும், தோள் சட்டென இலேசானதை உணர்ந்ததாகவும், இடுப்புப்பட்டை யோசனை அங்கேதான் பிறந்ததாகவும் சொல்வார்கள். 1963-இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழு கெல்டியின் பைகளைக் கொண்டுபோனது. சட்டம் என்பது மட்டும் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய ‘ஏட்ஸி’ என்ற மனிதனின் உடைமைகளிலும் ஹேசல் மரக்கொம்பை வளைத்துப் பலகை கட்டிய முதுகுச் சட்டம் ஒன்று இருந்தது.

இடுப்புப்பட்டை எவ்வளவு சுமையை வாங்கிக்கொள்ளும்? முழுச் சுமையும் இடுப்புக்குப் போய்விடும் என்ற தோரணையில் விற்பனைப் பேச்சு இருக்கும். சட்டம் வைத்த பையை மாட்டி ஆட்களை நடக்கவைத்து அளந்த ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது. செங்குத்து விசையில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் கீழ்முதுகுப் பக்கம் இறங்கியிருந்தது. குறைவாகத் தோன்றலாம். ஆனால் பதினைந்து கிலோவில் நாலரைக் கிலோ தோளைவிட்டு இறங்குவதை நாள் முழுக்க நடப்பவரின் தோள் நன்றாகவே உணரும். அந்த 30 சதவீதமும் பட்டை சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு பட்டையின் அகலத்துக்கு நடுவில் வரவேண்டும். வயிற்றைச் சுற்றிக் கட்டினால் மூச்சுதான் முட்டும். தொடைப் பக்கம் சரிந்தால் பட்டை வெறும் அலங்காரம்.

ஆகவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது பையின் எடையை அல்ல, முதுகின் நீளத்தை. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு முதுகு நீளமாகவும் இருக்கும். உயரத்தை வைத்துப் பை எடுத்தால் ஒருவர் கட்டாயம் கஷ்டப்படுவார். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு முண்டி நிற்கும். அது ஒரு முனை. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின்மேல் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டினால், அவற்றை இணைக்கும் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் மறுமுனை. இடைப்பட்ட தூரத்தைத் தையல்காரரின் டேப்பால், முதுகின் வளைவோடு ஒட்டி, இன்னொருவர் அளக்க வேண்டும். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் 40 முதல் 53 செ.மீ.க்குள் இருக்கும். பையில் தோள்பட்டை தைக்கப்பட்ட இடத்துக்கும் இடுப்புப்பட்டைக்கும் உள்ள தூரம் இதோடு பொருந்தாவிட்டால், அது எவ்வளவு இலேசான, எவ்வளவு விலை கூடிய பையாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுவதே நல்லது. பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நேராக இறங்கும் பட்டைகள் மார்பின்மேல் ஏறி உறுத்தும். இரட்டை வளைவாக வெட்டிய பட்டை வந்தபின்தான் அவர்களில் பலருக்கு நிம்மதியான பை கிடைத்தது.

அடுத்தது நெம்புகோல் கணக்கு. பத்து கிலோ சுமையின் எடைமையம் முதுகெலும்பிலிருந்து 20 செ.மீ. பின்னால் இருந்தால், அது உடலைப் பின்னோக்கித் திருப்பும் விசை சுமார் 20 நியூட்டன்-மீட்டர். அதை ஈடுகட்டத்தான் நாம் முன்னால் குனிகிறோம். கழுத்தும் கீழ்முதுகும் அந்தக் குனிவை நாள் முழுக்கத் தாங்குகின்றன. அதே சுமையை 5 செ.மீ. முதுகுப் பக்கம் தள்ளி வைத்தால் திருப்புவிசை கால்பங்கு குறைகிறது. ஒரு கிராம்கூடக் குறைக்காமல் கிடைக்கும் இலாபம் இது. தண்ணீர், அரிசி, அடுப்பு போன்ற கனமானவை முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே வர வேண்டும். தூங்கும் பை அடியில், துணி வெளிப்பக்கம். நியூசிலாந்தைச் சேர்ந்த ஆர்ன் டேட் இந்தத் தர்க்கத்தை எல்லைவரை கொண்டுபோய், மார்பின் இருபுறமும் சுமைப்பைகள் தொங்கும் முதுகுப்பையை உருவாக்கினார். முன்னும் பின்னும் எடை ஈடாவதால் உடல் நிமிர்ந்தே நடக்கிறது.

முதுகுப்பை பற்றிப் பேசும்போது தலைச்சுமையை ஒதுக்கிவிட முடியாது. சுமையை முதுகெலும்புக்கு நேர்மேலே வைத்தால் இந்தத் திருப்புவிசையே கிடையாது. கென்யாவின் லுவோ, கிகூயு பெண்கள் தங்கள் உடல் எடையில் 20 சதவீதம்வரை தலையிலோ நெற்றிப்பட்டையிலோ சுமந்தும் ஆற்றல் செலவு கூடவில்லை என்று 1986-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. நெற்றிப்பட்டையால் சுமக்கும் நேபாளச் சுமைகாரர்களை அளந்த 2005-ஆம் ஆண்டு ஆய்வில், ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 சதவீதம் சுமந்தார்கள். அதுவும் முதுகுப்பைக்காரர்களைவிடச் சிக்கனமாக. தமிழ்நாட்டில் சும்மாடு வைத்துத் தலைச்சுமை தூக்கியவர்களும் சபரிமலைக்கு இருமுடி சுமப்பவர்களும் அறிந்த இயற்பியல்தான் இது. சும்மாடு அழுத்தத்தைப் பரப்புகிறது. தலை எடையை முதுகெலும்புக்கு நேராக இறக்குகிறது. ஆனால் இளவயதிலிருந்து பழகிய கழுத்துக்கே அது பொருந்தும். திடீரென்று ஒருநாள் முயல்வது ஆபத்து.

சட்டமும் பட்டையும் வந்தபின் பைகள் வசதியாயின, கனமாகவும் ஆயின. அகலமான மெத்தை, மேல்மூடிப் பை, பத்துப் பன்னிரண்டு ஜிப், உள்ளே தகடு என்று ஏறி, காலிப் பையே இரண்டு இரண்டரைக் கிலோ ஆயிற்று. அதற்கு எதிர்க்குரல் வந்ததும் அமெரிக்க நெடும்பாதைகளிலிருந்துதான். அதன் முன்னோடியாகப் பலரும் நினைவுகூர்வது எம்மா கேட்வுட் என்ற பாட்டியை. 1955 மே மாதம், 67 வயதில், ஜார்ஜியாவிலிருந்து புறப்பட்டு அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும் தனியாக நடந்து செப்டம்பரில் மெயின் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடித்தார். அப்போது அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 3,300 கி.மீ. அவரிடம் இருந்தது தாமே தைத்த டெனிம் சுருக்குப்பை. அதை ஒரு தோளில் தொங்கவிட்டிருந்தார். கூடாரத்துக்குப் பதில் குளியலறைத் திரைச்சீலை, காலில் கேன்வாஸ் ஷூ. சட்டமோ இடுப்புப்பட்டையோ இல்லை. மொத்தச் சுமை ஒன்பது கிலோவைத் தாண்டாததால் அவை அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

அவருடைய அனுபவத்தை முறையாக வளர்த்தெடுத்தவர் ரே ஜார்டின். விண்வெளித் துறையில் வேலை பார்த்தவர். பாறையேறிகள் பயன்படுத்தும் ‘ஃப்ரெண்ட்’ என்ற விரியும் பிடிகருவியை உருவாக்கியவரும் அவரே. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை சுமார் 4,265 கி.மீ. போகும் பசிபிக் கிரெஸ்ட் பாதையை மனைவி ஜென்னியோடு நடந்து, 1992-இல் அதற்கொரு கையேடு எழுதினார். வீட்டிலேயே தைத்த, சட்டமில்லாத பை. கூடாரத்துக்குப் பதில் தார்ப்பாய். தோல் பூட்ஸுக்குப் பதில் ஓட்ட ஷூ. அனுபவமுள்ள நடையாளர்கள் இதைக் கேட்டுத் தலையசைக்கவில்லை. ஆனால் 1998-இல் தொடங்கப்பட்ட கோலைட் நிறுவனம் அவருடைய வடிவமைப்பில் அரைக் கிலோவுக்கும் குறைவான பையைக் கடைக்குக் கொண்டுவந்தபின் சந்தையின் போக்கு மாறியது. ஷூ விஷயத்தில் அவருக்கு ஆய்வின் துணையும் இருந்தது. காலில் கட்டிய எடைக்கு, அதே எடையை உடலில் சுமப்பதைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று 1969-இலேயே சோலும் கோல்ட்மனும் அளந்திருந்தார்கள். பையில் நூறு கிராம் குறைக்கத் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் முதலில் தங்கள் ஷூவை நிறுத்துப் பார்க்கலாம்.

சட்டமில்லாத பை எப்படி நிற்கிறது? இங்கே வருவது 18-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் கண்ட தூண் கணக்கு. இறுக்கமாக அடைத்த பை ஒரு தூண். அதன் மேல்முனை தோளிலும் கீழ்முனை இடுப்பிலும் இருக்கிறது. சுமை ஓர் அளவைத் தாண்டினால் தூண் வளைந்து நடுவில் கூனிவிடும். அப்போது தோளுக்கும் இடுப்புக்கும் இடையே விசை கடத்தப்படாது, எல்லாம் தோளில் தொங்கும். தூண் தாங்கும் அளவு அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். மற்றவை சமமானால், 50 செ.மீ. முதுகுக்கான பை, 40 செ.மீ. பை தாங்குவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் கூனத் தொடங்கும். சட்டமில்லாத பை நண்பருக்கு அருமையாக இருந்து, நெட்டையான தமக்கு மட்டும் ஏன் தொல்லை தருகிறது என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. சட்டமில்லாத பைகளின் வசதியான எல்லை பெரும்பாலும் ஒன்பது கிலோவை ஒட்டியே நிற்கிறது.

தூணை விறைப்பாக்க எடை கூட்ட வேண்டியதில்லை என்று காட்டியவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பொறியாளர் கிளென் வான் பெஸ்கி. தானே தைத்துப் பார்த்த பைகளில் நான்காவதான ‘ஜி4’-இல், படுக்கும் ஃபோம் பாயை மடித்து முதுகுப் பக்கம் செருகினால் அதுவே சட்டம் ஆனது. தோள்பட்டைக்குள் மெத்தைக்குப் பதில் மாற்றுக் காலுறைகளைத் திணித்துக்கொள்ளலாம். எப்படியும் சுமந்தே ஆக வேண்டிய பொருளுக்கு இரண்டாவது வேலை கொடுப்பதுதான் அவர் வழி. அந்தப் பையின் தையல் வரைபடத்தை அவர் இலவசமாகக் கொடுத்தார். பின்னாளில் காஸமர் கியர் என்று பெயர்பெற்ற நிறுவனம் அதிலிருந்துதான் வளர்ந்தது. இலேசான பைகளின் உலகில் இவ்வளவு பேர் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்ததில் அந்த வரைபடத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தக் கதையிலிருந்து வாங்கும் வரிசையும் தெளிவாகிறது. பையைக் கடைசியில் வாங்க வேண்டும். கூடாரம், படுக்கை, உடை, அடுப்பு எல்லாவற்றையும் முடிவு செய்து, உணவும் தண்ணீரும் எரிபொருளும் நீங்கலாக நிறுத்துப் பார்க்க வேண்டும். அந்த அடிப்படை எடை ஒன்பது கிலோவுக்குள் இருந்தால் ‘லைட்வெயிட்’, நாலரைக் கிலோவுக்குள் இருந்தால் ‘அல்ட்ராலைட்’ என்பது அமெரிக்க நெடும்பாதைகளில் நிலைத்துவிட்ட வழக்கு. உணவும் தண்ணீரும் சேர்ந்த மொத்தம் ஒன்பது கிலோவுக்குமேல் போகும் என்றால், சட்டம் வைத்த, ஒரு கிலோ அளவிலான பையே உடலுக்கு நல்லது. அதற்குமேலும் இலேசான பையைத் தேடி அதில் பதினான்கு கிலோவை அடைப்பது வீண் வதை. பகல் நடைக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் நடப்பவருக்கு, தண்ணீரும் மழைச்சட்டையும் மதிய உணவும் கொள்ளும் இருபது இருபத்தைந்து லிட்டர் சாதாரணப் பை போதும்.

துணியைப் பற்றிச் சுருக்கமாக. நூலின் பருமனைச் சொல்லும் டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் கிராம் எடை. 210 டெனியர் நைலான் என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூல் 210 கிராம். முதுகுப்பையின் உடலுக்கு 100 முதல் 210 டெனியர் பெரும்பாலும் போதும். பாறையில் உரசும் அடிப்பாகத்துக்கு அதைவிடத் தடிமனானது வேண்டும். இன்று அதிகம் பேசப்படும் டைனீமா கலவைத் துணி படகுப் பாய்களிலிருந்து வந்தது. ‘க்யூபன் ஃபைபர்’ என்ற பழைய பெயரில் 1992 அமெரிக்காஸ் கப் படகுப் போட்டியில் வென்ற ‘அமெரிக்கா க்யூப்ட்’ படகின் பாய்கள் அதனால் ஆனவை. நீட்சி மிகக் குறைவு, தண்ணீர் புகாது, எடைக்கு வலிமை வியப்பூட்டும். ஆனால் அதன் மேல்படலம் உரசலில் தேயும். 150 டிகிரியை நெருங்கும் வெப்பத்தில் இழை உருகும். விலையோ பல மடங்கு. அந்தப் பணத்தைத் தூங்கும் பையில் போட்டால் குறையும் எடை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

கையிலிருக்கும் பையைத் திருத்துவது இதைவிட மலிவு. பல நேரம் பலனும் அதிகம். ஆனால் முதல் திருத்தம் கத்தரியில் தொடங்குவதில்லை. பையின் பின்பக்க உறைக்குள் இருக்கும் அலுமினியப் பட்டையை வெளியே இழுத்து, அதைப் போடுபவரின் முதுகில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது யாருடைய முதுகுக்கும் சேராத பொது வளைவோடுதான் தொழிற்சாலையிலிருந்து வரும். முழங்காலில் வைத்து மெதுவாக அழுத்தி, கீழ்முதுகின் குழிவுக்கும் மேல்முதுகின் புடைப்புக்கும் ஏற்ப வளைத்துச் செருகினால் சுமை முதுகை ஒட்டிவிடும். திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் அலுமினியம் விரிசல் விடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும். கார்பன் இழைப் பட்டையை வளைக்கவே கூடாது.

பிறகு கத்தரி. மேல்மூடிப் பை கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடலாம்; நாடாவை இழுத்துக் கட்டினால் வாய் மூடிக்கொள்ளும். நீண்டு தொங்கும் பட்டை வால்களை, குளிருக்குத் தடித்த சட்டை போட்டாலும் எட்டும் அளவு விட்டு வெட்டி, நுனியை மெழுகுவர்த்திச் சுடரில் லேசாக உருக்கினால் பிரியாது. மடித்து ஒரு தையல் போட்டால் பக்கிளிலிருந்து உருவிக்கொள்ளாது. மழை உறையைவிட, உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறை போடுவது எப்போதும் மேல். வெளியுறை காற்றில் பறக்கும். முதுகு வழியாக இறங்கும் தண்ணீரை அது தடுக்கவும் செய்யாது. தோள்பட்டையில் அரை லிட்டர் பாட்டிலுக்கு ஒரு பை தைத்துக்கொண்டால் எடை முன்பக்கம் வருகிறது, தண்ணீருக்காகப் பையை இறக்கவும் வேண்டாம். தையலுக்கு நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும். சுமை இழுக்கும் இடங்களில் நெருக்கமான குறுக்குத் தையல் வேண்டும். தெருமுனையில் பை ரிப்பேர் பார்ப்பவரும், குத்தூசியோடு செருப்புத் தைப்பவரும் இதைப் பிரமாதமாகச் செய்வார்கள். சிலிகான் பூசிய நைலானில் ஊசித் துளைகளை அடைக்கச் சிலிகான் பசைதான் ஒட்டும். டைனீமா கலவைத் துணியில் ஊசி குத்துவதைத் தவிர்த்து ஒட்டுநாடாவையே பயன்படுத்த வேண்டும்.

வெட்டக் கூடாதவை சில உண்டு. பையைத் தூக்கும் கைப்பிடி, தோள்பட்டை உடலோடு சேரும் மடிப்புத் தையல், இடுப்புப்பட்டையின் உள்விறைப்பு ஆகியவற்றைத் தொடவே கூடாது. தோள்பட்டையின் மேலிருந்து பைக்குப் போகும் சிறிய இழுபட்டை பற்றி மட்டும் சோதித்து முடிவெடுக்கலாம். அது தோளுக்கு மேலே சாய்ந்து ஏறினால் சுமையை முதுகோடு சேர்த்து இழுக்கும். தோள்மட்டத்திலேயே கிடந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை.

திருத்திய பையை மலைக்குக் கொண்டுபோகுமுன், போகிற எடையையே அரிசி மூட்டையாக அடைத்து ஒரு மணி நேரம் படி ஏறி இறங்க வேண்டும். முதலில் இடுப்புப்பட்டை, அடுத்து தோள்பட்டை, கடைசியாக மார்புப்பட்டை என்ற வரிசையில் இறுக்க வேண்டும். இறக்கி வைத்தபின் தோலில் விழுந்த தடங்களைப் பார்க்க வேண்டும். தோளின் உச்சி மட்டும் சிவந்திருந்தால் இடுப்பில் சுமை இறங்கவில்லை. பட்டை நழுவியிருக்கும், அல்லது பையின் முதுகு நீளம் குறைவு. அக்குளருகே உரசியிருந்தால் தோள்பட்டை மெத்தையின் நீளம் போதவில்லை. இடுப்பெலும்பின் முன்முனை கன்றியிருந்தால் பட்டையின் மெத்தை அங்கே வந்து எட்டவில்லை. விரல் மரத்திருந்தால் தோள்பட்டையைத் தளர்த்தி, இடுப்புப்பட்டையை அவிழ்த்து எலும்பின்மேல் மறுபடி ஏற்றிக் கட்டி நடந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் மரமரப்பு விடாவிட்டால், மலையில் அந்தச் சுமையில் பாதி உடன் வருபவரின் பைக்குப் போக வேண்டும்.